ஒரு நிறத்துக்குப் பல வீடுகள்



முயல் வளர்க்கிறவர்களும் கால்நடை மருத்துவம் படிக்கிற பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்திருக்கும் அவை இது. அதனால்தான் உங்கள் இரு சாராருக்கும் பொதுவான ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன்: அங்கோரா முயலில் ஒரு புதிய நிறத்தை உருவாக்கி நிலைநிறுத்துவது எப்படி? புதிய நிறம் ஒருவருடைய கூண்டிலே பிறந்துவிடலாம். ஆனால் அது நிலைக்க வேண்டுமென்றால் பல வீடுகளில் வளர வேண்டும். இதுதான் என் கட்சி. ஒற்றுமையே பலம் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. கணக்குப் போட்டுக் காட்ட வந்திருக்கிறேன்.

முதலில் முயலைப் பார்ப்போம். அங்கோரா என்பது கம்பளிக்காக வளர்க்கப்படும் முயல். சாதாரண முயலின் உரோமம் ஓரளவு வளர்ந்ததும் நின்றுவிடும். 'வளர்ந்தது போதும்' என்று உரோமத்தின் வேருக்குச் சொல்லும் வேலையைச் செய்வது எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணு. அங்கோராவில் அந்த மரபணு பழுதுபட்டிருக்கிறது. ஆகவே உரோமம் வளர்ந்துகொண்டே போகிறது. ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்தாக வேண்டும். ஆங்கில, பிரெஞ்சு வகைகளில் உரோமம் தானாகக் கழலும் பருவத்தில் விரலால் மெல்லப் பறித்தெடுப்பார்கள். ஜெர்மானிய வகையில் கத்தரிப்பார்கள். இழையின் தடிமன் சுமார் 11 முதல் 15 மைக்ரான் வரை. நம் தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். உள்ளே காற்றறைகள் இருப்பதால் ஆட்டுக் கம்பளியைவிடக் கதகதப்புத் தரும்.

அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம், சுருக்கமாக ஆர்பா, 1910இல் தொடங்கியது. அது அங்கோராவில் நான்கு இனங்களை ஏற்றிருக்கிறது: ஆங்கில அங்கோரா, பிரெஞ்சு அங்கோரா, ஜயன்ட் அங்கோரா, சாட்டின் அங்கோரா. இவற்றில் ஜயன்ட் அங்கோரா 1988இல் ஏற்கப்பட்டபோது, சிவந்த கண்ணுள்ள வெள்ளை என்ற ஒரே நிறத்தில்தான் ஏற்கப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டான்ட்டன் ஊரைச் சேர்ந்த லூயிஸ் வால்ஷ் அதை ஜெர்மானிய அங்கோராவை அடிப்படையாக வைத்து உருவாக்கினார். ஏன் வெள்ளை மட்டும்? ஆலைக்கு வெள்ளைக் கம்பளிதான் வேண்டும். வெள்ளையில் எந்தச் சாயமும் ஏறும். எடை கூட வேண்டும், இழை சீராக இருக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் வெள்ளை முயல்களில்தான் நடந்தது.

நிறத்தைத் தேடியவர்கள் கைநூற்பாளர்கள். வீட்டில் ராட்டை வைத்து நூற்கிறவருக்குச் சாயம் தேவைப்படாத கம்பளி ஒரு வரம். கறுப்பு, நீலச்சாம்பல், சாக்லேட், இளமஞ்சள் என்று முயலின் முதுகிலிருந்தே நிறம் வந்துவிட்டால் சாயத் தொட்டியும் வேண்டாம், சாயக் கழிவும் வேண்டாம். ஆக, நல்ல கம்பளி வெள்ளை முயலிடம் இருக்கிறது. நிறம் வேறு முயலிடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே உடம்பில் கொண்டுவருவதுதான் நிற வளர்ப்பாளர் கையில் எடுக்கும் வேலை.

அங்கோராவின் நிறத்தைப் பார்ப்பதற்கே ஒரு பழக்கம் வேண்டும். முயலை மடியில் வைத்து, முதுகுக் கம்பளியில் வாயால் மெல்ல ஊத வேண்டும். கம்பளி பூவாக விரிந்து, நடுவில் தோல் தெரியும். தோலிலிருந்து நுனி வரை நிறம் எப்படி மாறுகிறது என்று அங்கே படிக்கலாம். காட்டு முயல் நிறமென்றால் அடியில் சாம்பல், நடுவில் மஞ்சள் கலந்த வளையம், நுனியில் கறுப்பு. தனிக் கறுப்பென்றால் வளையமே இராது. ஆனாலும் கம்பளியை மட்டும் பார்த்து முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம். நீண்ட இழையில் நிறமி பரவிப்போவதால், கறுப்பு முயலின் கம்பளிகூட நரைத்த சாம்பலாகத்தான் தெரியும். உண்மையான நிறம் உரோமம் குட்டையாக இருக்கும் இடங்களில், முகத்திலும் பாதத்திலும் இருக்கிறது. சாக்லேட் முயலின் கண்ணை ஒரு கோணத்தில் வெளிச்சத்துக்குத் திருப்பினால் மாணிக்கச் சிவப்பு ஒரு கணம் மின்னும். கறுப்பு முயலின் கண்ணில் அது இராது. அனுபவசாலிகள் இந்த அடையாளங்களை எல்லாம் சேர்த்துத்தான் ஒரு குட்டியின் நிறத்தைச் சொல்கிறார்கள்.

இந்த நிறங்களுக்குப் பின்னால் ஐந்து முக்கிய மரபணுக்கள் இருக்கின்றன. வளர்ப்போர் அவற்றை ஏ, பி, சி, டி, இ என்று எழுத்தாலேயே சொல்வார்கள். ஏ என்பது உரோமத்தில் வளையம் போடுவது. பி, கறுப்பா சாக்லேட்டா என்று தீர்மானிப்பது. சி, நிறமி உருவாகவே அனுமதி கொடுப்பது. டி, நிறமியை இழையில் சீராக நிரப்புவது. அது பழுதானால் கறுப்பு நீலச்சாம்பலாகும். இ, கறுப்பு எவ்வளவு தூரம் பரவலாம் என்று எல்லை போடுவது. சாக்லேட்டும் நீலச்சாம்பலும் ஒடுங்கு பண்புகள். நீண்ட கம்பளியும் ஒடுங்கு பண்பே. ஒடுங்கு பண்பு வெளியே தெரிய வேண்டுமென்றால் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி வேண்டும். ஒரே பிரதி இருந்தால் முயல் அதைச் சுமக்கும், வெளியே காட்டாது.

நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஹாலண்ட் லேண்டிங் என்ற ஊரில் லியோபோல்டினா மேயர் என்ற அம்மையார், சாட்டின் முயலையும் பிரெஞ்சு அங்கோராவையும் இணைத்தார். சாட்டின் என்பது உரோமத்துக்குப் பட்டு மினுமினுப்புத் தரும் ஒடுங்கு பண்பு. நீண்ட கம்பளியும் ஒடுங்கு பண்பு. முதல் தலைமுறையில் என்ன வரும்? கம்பளியும் இல்லை, மினுமினுப்பும் இல்லை. எல்லாம் குட்டை உரோமச் சாதாரண முயல்கள். இங்கேதான் பலர் கைவிட்டுவிடுவார்கள். அந்தக் குட்டிகளைத் தங்களுக்குள் இணைத்தால், அடுத்த தலைமுறையில் கால் பங்குக்குக் கம்பளி. அதில் கால் பங்குக்கு மினுமினுப்பு. பதினாறில் ஒரு குட்டிக்குத்தான் இரண்டும் சேர்ந்து வாய்க்கும். 1987இல் சாட்டின் அங்கோரா தனி இனமாக ஏற்கப்பட்டது.

இனி நம் கணக்கு. பதினாறில் ஒன்று என்றால் பதினாறு குட்டி போதும் என்று பொருளல்ல. பதினாறும் பிறந்து ஒன்றுகூட வராமல் போகலாம். குறைந்தது ஒன்றாவது வரும் என்று 95% உறுதியாகச் சொல்ல 47 குட்டிகள் வேண்டும். ஓர் ஈற்றுக்கு ஆறு குட்டி என்று வைத்தால் எட்டு ஈற்று. இதை ஒரு வீட்டில் முக்கிமுனகிச் செய்துவிடலாம்.

இப்போது இன்னும் ஒரு படி மேலே போவோம். லைலாக் நிறத்தை, அதாவது சாக்லேட்டும் நீலச்சாம்பல் மரபணுவும் சேர்ந்து தரும் புறாக்கழுத்து நிறத்தை, ஒரு குட்டை உரோம முயலிலிருந்து கறுப்பு அங்கோராவுக்குள் கொண்டுவர வேண்டும். கம்பளிக்கு ஒன்று, சாக்லேட்டுக்கு ஒன்று, நீலச்சாம்பலுக்கு ஒன்று, ஆக மூன்று ஒடுங்கு பண்புகள். இரண்டாம் தலைமுறையில் அறுபத்து நான்கில் ஒரு குட்டி. 95% உறுதிக்கு 191 குட்டிகள், 32 ஈற்றுகள். அங்கோரா வைத்திருப்பவருக்குத் தெரியும், ஒவ்வொரு முயலுக்கும் வாரந்தோறும் சீவிவிட வேண்டும். சீவாமல் விட்டால் கம்பளி சிக்குப் பிடிக்கும். முயல் தன்னை நக்கும்போது விழுங்கிய கம்பளி வயிற்றில் அடைத்துக்கொள்ளும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. இந்தப் பராமரிப்போடு 32 ஈற்றை எந்தத் தனி வீடு தாங்கும்? ஆனால் எட்டு வீடுகள் சேர்ந்தால் வீட்டுக்கு நான்கு ஈற்று. ஒரு வீட்டுக்கு ஆகாத காரியம் எட்டு வீடுகளுக்கு ஓர் ஆண்டு வேலையாகச் சுருங்குகிறது.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி உண்டு என்று மாணவர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். முதல் தலைமுறைக் குட்டியை மீண்டும் அங்கோராவோடு பிற்கலப்பு செய்தால் பாதிக் குட்டிகளுக்கு உடனே கம்பளி வந்துவிடும். அந்தக் கம்பளிக் குட்டிகளில் நான்கில் ஒன்று சாக்லேட்டையும் நீலச்சாம்பலையும் மறைவாகச் சுமக்கும். அப்படிச் சுமக்கும் இரண்டை இணைத்தால் பதினாறில் ஒன்று லைலாக். முயல்களின் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் வேறொரு சிக்கல் முளைக்கிறது: நான்கில் எந்தக் குட்டி சுமக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியது அவற்றுக்குப் பிறக்கும் குட்டிகளின் குறிப்பேடுதான்.

குறிப்பேட்டின் அருமை வெள்ளை முயலிடம்தான் முழுதாகப் புரியும். சி மரபணு இரு பிரதியிலும் பழுதாகிவிட்டால் நிறமியே உருவாகாது, முயல் வெள்ளை. ஆனால் மற்ற நான்கு மரபணுக்களும் உள்ளே அப்படியே இருக்கின்றன. சாக்லேட்டைச் சுமக்கும் வெள்ளையும், சுமக்காத வெள்ளையும் பார்வைக்கு ஒன்றே. சோதிக்க ஒரு வழி, வெள்ளையைச் சாக்லேட் முயலோடு இணைத்துப் பார்ப்பது. அந்தச் சாக்லேட் முயல் வெள்ளையைச் சுமக்காததாக இருக்க வேண்டும். நம் வெள்ளை ஒரு பிரதி சாக்லேட்டைச் சுமந்தால் குட்டிகளில் பாதி சாக்லேட்டாக வரும். ஐந்து குட்டி பிறந்து ஒன்றுகூடச் சாக்லேட் இல்லையென்றால், 'இது சுமக்கவில்லை' என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். அப்போதும் முப்பத்திரண்டில் ஒரு பங்கு ஐயம் மிச்சம் இருக்கும். இப்படி ஒவ்வொரு வெள்ளைக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் சோதிக்க வேண்டுமென்றால் எத்தனை ஈற்று வீணாகும்! இந்த வெள்ளையின் அக்கா வேறொரு வீட்டில் ஏற்கெனவே சாக்லேட் குட்டி போட்டிருக்கலாம். அந்தச் செய்தி நம் கைக்கு வந்துவிட்டால் பாதிச் சோதனை மிச்சம். அக்காள் வீட்டுக் குறிப்பேடு பூட்டிக் கிடந்தால் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டியதுதான்.

எல்லா மரபணுக்களும் தனித்தனியே நடப்பதும் இல்லை. ஹார்வர்டில் பணியாற்றிய வில்லியம் எர்னஸ்ட் கேஸில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே முயல்களை வைத்து மரபியல் ஆராய்ந்தவர். வெள்ளையில் திட்டுத் திட்டாக நிறம் தரும் புள்ளி மரபணுவும் அங்கோராக் கம்பளி மரபணுவும் பிணைந்து நடப்பவை என்று அவர் 1920-களில் காட்டினார். இரண்டும் 15ஆவது குரோமோசோமில் இருப்பது இன்று தெரியும். வளர்ப்பவருக்கு இதனால் என்ன? திட்டு நிறமுள்ள குட்டை உரோம முயலைத் திட்டில்லாத அங்கோராவோடு இணைத்து, குட்டியை மீண்டும் அங்கோராவுக்குப் போட்டால், கால் பங்கு திட்டு நிற அங்கோரா வரும் என்று எதிர்பார்ப்போம். அவ்வளவு வராது. திட்டு இருக்கும் குட்டியில் பெரும்பாலும் கம்பளி இராது. கம்பளி இருக்கும் குட்டியில் பெரும்பாலும் திட்டு இராது. குரோமோசோம்கள் குறுக்கேற்றத்தில் துண்டு மாற்றிக்கொள்ளும் வேளையில்தான் இரண்டும் ஒரு குட்டியில் சேரும். ஆனால் ஒருமுறை சேர்ந்துவிட்டால், அதே பிணைப்பு நமக்குத் துணையாகிவிடும். இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆகவே அந்த முதல் குட்டி எந்த வீட்டில் பிறந்தாலும் அது எல்லோருக்கும் சொத்து. அதன் பிள்ளைகளைப் பகிர்ந்துகொண்டால், மற்றவர்கள் அதே சேர்க்கைக்காக இன்னொரு முறை காத்திருக்க வேண்டாம்.

கேஸிலிடம் படித்தவர் சூவல் ரைட். நெருங்கிய உறவுகளுக்குள் இணையும் உட்கலப்பின் கேட்டை எண்ணால் அளக்க வழி சொன்னவர் அவர். ஒரு வீட்டில் ஓர் ஆணும் ஆறு பெண்ணும் இருந்தால் முயல் ஏழு. ஆனால் மரபுச் செல்வத்தின் கணக்கில் அது ஏழல்ல, ஏறத்தாழ மூன்றரைதான். குட்டிகள் எல்லாம் ஒரே தந்தையின் பிள்ளைகள் அல்லவா? இந்தக் கூட்டத்தை வெளியார் கலவாமல் வளர்த்தால், தலைமுறைக்கு 14%-க்கும் மேல் உட்கலப்பு ஏறும். சில தலைமுறைகளில் ஈற்று சுருங்கும், குட்டிகள் நோஞ்சானாகும், கம்பளி குறையும். இதே அளவுள்ள பத்து வீடுகள் தங்களுக்குள் ஆண் முயல்களை முறை வைத்து மாற்றிக்கொண்டால், அந்த ஏற்றம் தலைமுறைக்கு ஒன்றரை விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொருவர் கூண்டிலும் முயல் கூடவில்லை, தீவனச் செலவு கூடவில்லை. கூடியது பரிமாற்றம் மட்டுமே.

எந்த நிறமும் முயலின் உடல்நலத்தைவிடப் பெரிதல்ல. இதை அழுத்திச் சொல்கிறேன். திட்டு நிற மரபணுவின் இரு பிரதியும் ஒரே குட்டிக்கு வந்தால், அது பெரும்பாலும் வெள்ளையாக, முகத்தில் சிறு குறியோடு பிறக்கும். அத்தகைய குட்டிகளில் பெருங்குடல் வீங்கிச் செரிமானம் கெடும் நோய் வருவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். திட்டையும் திட்டையும் இணைத்தால் கால் பங்கு குட்டிகளுக்கு அந்த நிலை. திட்டையும் முழு நிறத்தையும் இணைத்தால் பாதி திட்டு, பாதி முழு நிறம். நோயாளிக் குட்டி இல்லை. பொறுப்புள்ள குழு இரண்டாவது வழியைத்தான் எடுக்க வேண்டும். கம்பளியும் அப்படியே. குட்டை உரோம முயலின் இரத்தம் முதல் கலப்பில் பாதி, அடுத்த பிற்கலப்பில் கால், பிறகு அரைக்கால், பிறகு வீசம் என்று குறைந்துகொண்டே வந்தால்தான் அடர்த்தியும் மென்மையும் திரும்பும். நிறம் வந்த மகிழ்ச்சியில் அங்கேயே நின்றுவிட்டால், கையில் இருப்பது நிறமுள்ள சுமாரான கம்பளி. நூற்பவர் ஒருமுறை வாங்குவார், மறுமுறை வரமாட்டார்.

ஆர்பாவின் ஏற்பு முறையும் இந்தப் பொறுமையைத்தான் கேட்கிறது. உருவாக்கச் சான்றிதழ் என்று ஒன்றைப் பெற்று, புதிய நிறத்தின் இலக்கணத்தை எழுத்தில் வைக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும் நடக்கும் மாநாட்டில் தரக்குழுவின் முன் முயல்களை நிறுத்த வேண்டும். வளர்ந்த முயலும் வேண்டும், இளம் முயலும் வேண்டும். மூன்று முறை தேறினால்தான் அந்த நிறம் தரநூலில் ஏறும். ஓர் ஆண்டு நல்ல முயல் அமைந்து, மறு ஆண்டு அமையாமல் போவது இயல்பு. அதே நிறத்துக்காகப் பல வீடுகள் உழைத்தால், ஓரிடத்தில் நோயோ வெயிலோ ஈற்றைக் கெடுத்தாலும் அந்த நிறத்தின் வம்சம் அறுந்துபோகாது. ஏற்பு கிடைத்த பிறகும் நிறத்தைச் சுமக்க ஆள் வேண்டும்; பத்து வீட்டில் இருக்கும் நிறம் பிழைக்கும், ஒரு வீட்டில் இருக்கும் நிறம் அந்த வீட்டுக்காரரோடு போய்விடும்.

சரி, கூடி வேலை செய்வது எப்படி? முதல் நாளிலேயே நான்கு விஷயங்களைப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்று, இலக்கு: எந்த நிறம், எப்படிப்பட்ட கம்பளி, எந்த உடற்கட்டு. ஆளுக்கொரு இலக்கு இருந்தால் வண்டி நகராது. இரண்டு, பங்கு: யார் வேறு இன முயலோடு வெளிக்கலப்பு செய்வது, யார் பிற்கலப்பு செய்வது, யார் தூய அங்கோரா வரிசையைக் காப்பது. மூன்று, கொடுக்கல் வாங்கல்: ஆண் முயலை இரவல் தந்தவருக்கு ஈற்றில் எந்தக் குட்டி, குழுவுக்கு வெளியே விற்கலாமா கூடாதா. சங்கடம் எல்லாம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கும். ஆகவே கூச்சப்படாமல் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். நான்கு, குறிப்பு: ஒவ்வொரு ஈற்றும், ஒவ்வொரு குட்டியும், பிறந்தது, இறந்தது, நிறம், எடை, எடுத்த கம்பளி எல்லாம் ஒரே முறையில் எழுதப்பட வேண்டும், எல்லோரும் படிக்கக் கிடைக்க வேண்டும்.

இந்த நான்காவதில்தான் மனிதர்கள் தடுமாறுகிறார்கள். நல்ல குட்டியின் படத்தை எல்லோரும் காட்டுவார்கள். பல் கோணலான குட்டியை, செத்துப் பிறந்ததை, எதிர்பாராமல் வந்த நிறத்தைச் சொல்ல மனம் வராது. விற்பனை கெட்டுவிடும், பேர் கெட்டுவிடும் என்ற பயம். ஆனால் நாம் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். எதிர்பாராமல் பிறந்த ஒரு சாக்லேட் குட்டிதான் அதன் தாய் தந்தை இருவரும் சாக்லேட்டைச் சுமக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. அதை மறைத்தவர் தன் குற்றத்தை மறைக்கவில்லை. பத்து வீட்டுக்கும் வேண்டிய தகவலை மறைத்துவிட்டார். பல் கோணலையும் அப்படி மறைத்தால், அது நிறத்தோடு சேர்ந்து பத்து வீட்டுக்கும் போய்ச் சேரும்.

நம் நாட்டில் அங்கோராவுக்கு உரிய இடம் இமயமலைச் சாரல். மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் கார்சா நிலையம் இமாச்சலின் குலு பகுதியில் ஜெர்மானிய அங்கோராவை வளர்க்கிறது. நம் சமவெளி வெயில் அந்தக் கம்பளிக்கு ஆகாது. அங்கோராவை இங்கே கொண்டுவந்து வதைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் அதே நிறுவனத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது. அங்கிருந்து பரவிய வெள்ளை ஜயன்டும் சோவியத் சின்சில்லாவும் இங்கே பலர் கூண்டில் உண்டு. அவற்றுக்கும் இதே ஐந்து மரபணுக்கள்தான். சின்சில்லா என்பது அதே சி மரபணுவின் இன்னொரு வடிவம். உங்கள் வெள்ளையையும் சின்சில்லாவையும் இணைத்து, திடீரென்று ஒரு கறுப்புக் குட்டி பிறந்திருந்தால், பெற்றோர் இருவரும் மறைத்துவைத்திருந்ததைத்தான் அந்தக் குட்டி உங்களிடம் சொல்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இங்கே வந்திருக்கும் வளர்ப்பாளர்களில் ஐந்து பேராவது இன்றைக்கே சேர்ந்து உட்காருங்கள். ஆளுக்கு ஒரு நோட்டு வேண்டாம். ஐந்து பேருக்கும் பொதுவாக ஒரு பதிவேடு தொடங்குங்கள். மாணவர்களே, அந்தப் பதிவேட்டை மாதம் ஒருமுறை படித்து, எந்த முயல் எதைச் சுமக்கிறது, எந்த இணை கூடாது என்று கணக்குப் போட்டுக் கொடுங்கள். உங்கள் படிப்புக்கு இதைவிட நல்ல பயிற்சி வாய்க்காது. ஓர் ஆண்டு கழித்து அந்தப் பதிவேட்டில் நல்ல குட்டிகளின் வரிசையோடு, தவறிப்போன ஈற்றுகளும் அதே நேர்மையோடு எழுதப்பட்டிருந்தால், உங்களுக்கு ஒரு கூட்டமைப்பு அமைந்துவிட்டது என்று பொருள். நிறம் அதற்குப் பிறகு வரும்.